நேரம் குறித்து வைத்த விளம்பரமும் அதை நிறுத்த ஓர் ஆளும்

2025 நவம்பர் 28ஆம் திகதி, வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு எனது புடைவைக் கடையின் பெயரில் ஒரு விளம்பரம் வெளியானது. “மழைக்கால மலிவு விற்பனை! குடையோடு வாருங்கள், பை நிறைய அள்ளிச் செல்லுங்கள்!” என்பது அதன் வாசகம். டித்வா புயல் நாட்டையே புரட்டிக்கொண்டிருந்த நாள் அது. நான் வவுனியாவில், மின்சாரம் இல்லாத வீட்டில், சார்ஜ் இறங்கிப்போன தொலைபேசியோடு இருந்தேன். அந்த விளம்பரத்தை அன்று நான் போடவில்லை. நான்கு நாட்களுக்கு முன், திங்கட்கிழமை கடை பூட்டிய பின் ஆறுதலாக உட்கார்ந்து, வாரத்துக்கு வேண்டிய நான்கு பதிவுகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நாளும் நேரமும் குறித்துவைத்திருந்தேன். அது தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தொடர்பு கிடைத்தபோது அதன் கீழே ஒரு பதில் இருந்தது. எழுதியவர் முல்லைத்தீவில் எங்கள் பக்கத்து வீட்டில் பிறந்து, இப்போது புத்தளத்தில் வாழும் ஒரு சகோதரி. “நானா, இங்க வீட்டுக்குள்ள முழங்காலளவு தண்ணி. புள்ளைகளோட பள்ளியில இருக்கிறம். உங்களுக்கு மலிவு விற்பனை!”

நேரம் குறித்துப் பதிவிடுவது எப்படி என்று இந்தப் பத்தியில் எழுதுமாறு வியாபாரச் சகோதரர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். எழுதலாம் என்றிருந்தேன். அந்தப் பதிலைப் பார்த்த பிறகு, எப்படி நிறுத்துவது என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும் என்று தோன்றியது.

முதலில், இந்தப் பதிவு எங்கே வெளியானது என்பதைச் சொல்லவேண்டும். அது பேஸ்புக் அல்ல. மஸ்டொடன் என்ற வலையமைப்பு. ஜேர்மனியில் வாழும் ஓய்கன் ரொச்கோ என்ற இளைஞர் 2016இல் வெளியிட்ட இலவச மென்பொருள் இது. இதற்கு ஒரே முதலாளி, ஒரே தலைமையகம் என்று இல்லை. விரும்பியவர் தமக்கென ஒரு சேர்வர் அமைத்துக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கான சேர்வர்கள் இருக்கின்றன. ஒன்றிலுள்ளவர் மற்றொன்றிலுள்ளவரைப் பின்தொடரலாம், பதில் எழுதலாம். கடிதப் போக்குவரத்தை நினைத்துப் பாருங்கள். முல்லைத்தீவுத் தபாலகத்தில் போட்ட கடிதம் கனடாவில் ஒரு வீட்டுக் கதவடிக்குப் போகிறது. இங்குள்ள தபால் திணைக்களம் வேறு, அங்குள்ளது வேறு. இரண்டும் ஒரு பொது ஒழுங்குக்கு உடன்பட்டிருப்பதால் கடிதம் போய்ச் சேர்கிறது. இந்த வலையமைப்பின் பொது ஒழுங்குக்கு அக்டிவிட்டிபப் என்று பெயர். இணையத்துக்கான தரங்களை வகுக்கும் உலக அமைப்பு 2018 ஜனவரியில் அதைத் தரமாக ஏற்றுக்கொண்டது.

“பேஸ்புக்கில் ஊரே இருக்கிறதே, நானா! உங்களுக்கு ஏன் இந்த வேலை?” என்று பஸாரில் பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எனது வாடிக்கையாளர்களில் பெரும்பாலானோர் இன்றும் பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும்தான் இருக்கிறார்கள். நானும் அங்கே இருக்கிறேன், அதை விடச் சொல்லவில்லை. ஆனால் 2018 மார்ச்சில் திகன வன்செயலின்போது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியவை ஒரு வாரமளவில் முடக்கப்பட்டன. 2019 ஏப்ரல் ஈஸ்டர் தாக்குதல்களின் பின்னும், அடுத்த மாதம் குளியாப்பிட்டி, மினுவாங்கொடைப் பகுதிகளில் கடைகள் தாக்கப்பட்டபோதும் மீண்டும் முடக்கப்பட்டன. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி இன்னொரு முறை. 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி எவரும் தடுக்காமலே பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றும் உலகம் முழுவதும் ஆறு மணித்தியாலமளவில் செயலிழந்தன. ஓடர்களை வட்ஸ்அப்பில் மட்டும் வாங்கிப் பழகியவர்களுக்கு அந்த நாட்கள் எப்படியிருந்தன என்று தெரியும். எல்லாச் சரக்கையும் ஒரே குடோனில் வைக்காதே என்று பழைய முதலாளிமார் சொல்வார்கள். வாடிக்கையாளர் பட்டியலும் சரக்குத்தான்.

மஸ்டொடன் எந்தத் தடையையும் தாண்டும் மந்திரம் என்று எவராவது சொன்னால் நம்பவேண்டாம். ஒரு சேர்வரையும் முடக்கலாம். இணையமே இல்லாவிட்டால் எதுவும் இல்லை. அதில் உள்ள நன்மை வேறு. சேர்வர் பிடிக்காவிட்டால் இன்னொன்றுக்கு இடம்பெயரலாம். பின்தொடர்பவர்களும் கூடவே வருவார்கள். நம்மைப் போன்ற சிதறிய ஊர்க்காரருக்கு இது பெரிய விடயம். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி மக்கள் புத்தளம், அநுராதபுரம், நீர்கொழும்பு என்று பிரிந்து போனார்கள். சிலர் திரும்பினார்கள், சிலர் இல்லை. பிள்ளைகள் லண்டனிலும் டுபாயிலும் இருக்கிறார்கள். லண்டனில் என் மருமகன் நண்பர்களோடு சேர்ந்து ஒரு சிறிய சேர்வர் நடத்துகிறான். என்னைப் பின்தொடர்பவர்கள் நூற்றுச் சொச்சம் பேர்தான். ஆனால் பெருநாளைக்கு உம்மாவுக்குப் புடைவையும் வாப்பாவுக்குச் சாரமும் என்று வவுனியாவில் வாங்கிக் கொடுக்கச் சொல்லிப் பணம் அனுப்புகிறவர்கள் அந்த நூற்றுச் சொச்சத்துக்குள் இருக்கிறார்கள்.

இனி, நேரம் குறிக்கும் முறைக்கு வருவோம்.

2019 ஜனவரியில் வெளிவந்த 2.7 ஆவது பதிப்பிலிருந்து இந்த வசதி மஸ்டொடன் மென்பொருளில் இருக்கிறது. ஆனால் மஸ்டொடனின் சொந்த இணையப் பக்கத்தில் நெடுங்காலமாக இதற்குப் பொத்தான் வைக்கப்படவில்லை. அதனால் பலருக்கு இப்படியொன்று இருப்பதே தெரியாது. டஸ்கி, பெடிலாப் போன்ற செயலிகள் மூலம் செய்யலாம். நான் டஸ்கி பயன்படுத்துகிறேன். பதிவை எழுதி, படத்தைச் சேர்த்து, கீழேயுள்ள மணிக்கூட்டு அடையாளத்தைத் தொட்டால் திகதியும் நேரமும் கேட்கும். குறைந்தது ஐந்து நிமிடம் தள்ளியிருக்கவேண்டும். ஒரு நாளைக்கு 25, மொத்தமாக 300 பதிவுகள் வரை வரிசையில் வைக்கலாம். ஒரு நாளைக்கு 25 விளம்பரம் போடுகிற கடைக்காரரை எவரும் பின்தொடரப் போவதில்லை, ஆகவே அந்த எல்லை நமக்குத் தேவையில்லை. வாரத்துக்கு மூன்று அல்லது நான்கு தாராளம்.

இங்கே கவனிக்கவேண்டிய விடயம், எழுதி வைத்த பதிவு எங்கே இருக்கிறது என்பது. அது உங்கள் தொலைபேசியில் இல்லை. சேர்வரில் இருக்கிறது. தொலைபேசி அணைந்தாலும், தொலைந்தாலும், குளத்தில் விழுந்தாலும் குறித்த நேரத்துக்குப் பதிவு வெளியாகும். வன்னியில் இது பெரிய உதவி. மின்வெட்டு வரும், டேட்டா முடிந்துபோகும், ஒட்டுசுட்டான் பக்கம் வசூலுக்குப் போனால் சிக்னல் வந்து வந்து போகும். இரவில் கடை பூட்டிய பின் ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் வாரம் முழுவதற்குமான வேலை முடிந்துவிடுகிறது. சேர்வர் அந்த நேரத்தில் பழுதாகியிருந்தால், அது திரும்ப எழும்பியதும் அனுப்பும். இதிலும் ஒரு பொறி உண்டு. “இன்று மட்டும்” என்று எழுதியது மறுநாள் வெளிவரலாம். ஆகவே “இன்று”, “நாளை” என்று எழுதாமல் திகதியை எழுதிவிடுங்கள்.

பபர் போன்ற வெளிச் சேவைகள் மூலமும் மஸ்டொடனுக்கு நேரம் குறிக்கலாம். பேஸ்புக், இன்ஸ்டகிராம், மஸ்டொடன் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து அனுப்பலாம் என்பது வசதி. ஆனால் அப்படிச் செய்தால் பதிவு உங்கள் சேர்வரில் காத்திருப்பதில்லை, அந்தச் சேவையின் வரிசையில் காத்திருக்கிறது. டஸ்கியில் தேடினால் காணமாட்டீர்கள். இரண்டு இடத்திலும் போடுகிறவர், இரண்டு கடன் கொப்பி வைத்திருக்கும் கடைக்காரர் போல. ஒன்றில் வெட்டியதை மற்றதில் வெட்ட மறந்துவிடுவார். ஏதாவது ஒன்றோடு நில்லுங்கள்.

நேரத்தைப் பற்றி எங்கள் பகுதிக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1996இல் நாட்டின் நேரம் முதலில் ஒரு மணித்தியாலமும், பிறகு குறைத்து அரை மணித்தியாலமுமாக முன்தள்ளப்பட்டது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய நேரமே தொடர்ந்தது. 2006 ஏப்ரலில் நாடு பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை இதே நிலைதான். 2002இல் ஏ9 வீதி திறந்தபின் நான் புதுக்குடியிருப்புக் கடைகளுக்குத் துணி கொண்டுபோவேன். அங்குள்ள ஐயா ஒருவர் காலை பத்து மணிக்கு வரச் சொன்னால் என் கைக்கடிகாரத்தில் பத்தரைக்குப் போகவேண்டும். முதல் முறை பத்துக்கே போய் அரை மணித்தியாலம் பூட்டிய கடை வாசலில் நின்றேன். “தம்பி, உங்கட நேரத்த ஓமந்தையில விட்டிட்டு வரோணும்” என்றார்.

சேர்வருக்கும் அப்படியொரு சொந்த நேரம் உண்டு. அது கிறீன்விச் நேரத்தில் கணக்கு வைத்திருக்கும். நமது நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னே. நீங்கள் குறிக்கும் நேரத்தைச் செயலி மாற்றிக் கொடுக்கிறது. தொலைபேசியில் எந்த நாட்டு நேரம் இருக்கிறதோ அதை வைத்தே மாற்றும். தம்பி டுபாயிலிருந்து கொடுத்தனுப்பிய தொலைபேசியில் டுபாய் நேரம் மாறாமல் இருந்தால், நீங்கள் மாலை ஆறு என்று குறித்தது இங்கே ஏழரைக்கு வெளியாகும். நோன்பு காலத்தில் இந்த ஒன்றரை மணித்தியாலத்தால் விளம்பரம் தறாவீஹ் நேரத்துக்குள் விழுந்துவிடும், பார்க்க ஆளிருக்காது. ஆகவே முதல் பதிவை ஒரு மணித்தியாலம் தள்ளிக் குறித்து, சரியான நேரத்துக்கு வருகிறதா என்று ஒருமுறை பரீட்சித்துப் பாருங்கள்.

எதற்கு நேரம் குறிக்கலாம், எதற்குக் கூடாது? என் அனுபவத்தில் இதுதான் கஷ்டமான பகுதி. பொத்தானை எவரும் ஒரு நாளில் பழகிவிடலாம்.

வன்னியின் காசு வயலோடு வருகிறது. காலபோக அறுவடை ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை. நெல் விற்ற காசு கைக்கு வந்த பிறகுதான் குடும்பம் புடைவைக் கடைக்கு வரும். அதற்கான அறிவித்தல்களை முன்கூட்டி எழுதி வைக்கலாம். பாடசாலைச் சீருடை, தைப்பொங்கல், சித்திரை வருடம், கிறிஸ்மஸ் ஆகியவற்றுக்கும் அப்படியே. புதிய சரக்கின் படம், கடை திறக்கும் நேரம், அளவு பார்க்கும் முறை போன்றவற்றை எந்நாளும் போடலாம்.

ஆனால் பெருநாள் வாழ்த்துக்கு நேரம் குறிக்க முடியாது. இருபத்தொன்பதாம் நோன்பு இரவில் கொழும்புப் பெரிய பள்ளிவாசலிலிருந்து பிறை அறிவித்தல் வரும்வரை நாளை பெருநாளா நோன்பா என்று எவருக்கும் தெரியாது. “ஈத் முபாறக், இன்று கடை விடுமுறை” என்பதை நான் நகலாக மட்டும் வைத்திருப்பேன். அறிவித்தல் வந்ததும் கையால் அனுப்புவேன். முப்பதாம் நோன்பில் பெருநாள் வாழ்த்துச் சொன்ன கடை என்று பெயரெடுத்தால் அடுத்த வருடமும் சொல்லிச் சிரிப்பார்கள்.

விலைக்கும் அப்படித்தான். 2022 மார்ச்சில் டொலர் இருநூறு சொச்சத்திலிருந்து முந்நூறுக்குப் பாய்ந்தபோது, நான் பேஸ்புக்கில் ஒரு வாரம் முன்பே நேரம் குறித்திருந்த சாரத்தின் விலை, வெளியான நாளில் மொத்த விலையைவிடக் குறைவாக இருந்தது. தொலைபேசியில் அதைக் காட்டிக்கொண்டு ஓமந்தையிலிருந்து ஒருவர் வந்தார். சொன்ன விலை அமானிதம். கொடுத்தேன். அன்றிலிருந்து விலை எழுதிய பதிவை ஒரு நாளுக்கு மேல் முன்கூட்டி வைப்பதில்லை.

இன்னொன்று. மே 18ஆம் திகதி முல்லைத்தீவில் வீட்டுக்கு வீடு ஏதோவொரு நினைவு இருக்கும். நவம்பர் 27ஆம் திகதியும் அப்படித்தான். நமது வாடிக்கையாளரில் பெரும்பகுதியினர் தமிழ்ச் சகோதரர்கள். அவர்கள் விளக்கேற்றும் நாளில் “கொண்டாட்ட விலை” என்று விளம்பரம் போகுமானால், அது தானாகப் போனது, நான் போடவில்லை என்று சொல்லி ஒருவரும் கேட்கமாட்டார். ஆகவே எனது சீ.ஆர். கொப்பியின் முதல் பக்கத்தில் வருடத்துக்குரிய இத்தகைய திகதிகளை எழுதி வைத்திருக்கிறேன். அந்த நாட்களுக்கு எதையும் குறிப்பதில்லை. ஹர்த்தால் அறிவித்தால் உடனே வரிசையைத் திறந்து பார்ப்பேன், “இன்று இரவு ஒன்பது வரை கடை திறந்திருக்கும்” என்று ஏதாவது காத்திருக்கிறதா என்று.

ஆனால் புயலுக்குக் கொப்பியில் திகதி இல்லை. நவம்பர் 28இல் எனக்கு நடந்தது அதுதான். விளம்பரத்தை நிறுத்தவேண்டிய காரணம் எதுவோ, அதே காரணம்தான் என் தொலைபேசியையும் நிறுத்தியது. வெள்ளமில்லாத நாளில் நிறுத்தத் தேவையில்லை. வெள்ளம் வந்த நாளில் நிறுத்த வழியில்லை. சேர்வரோ லண்டன்காரர் கையில், எவ்விதக் குறையுமின்றி ஓடிக்கொண்டிருந்தது.

வெளியான பின் அழித்தால் போதாதா என்று கேட்பீர்கள். பேஸ்புக்கில் அழித்தால் அந்த நிறுவனத்தின் இடத்திலிருந்து போய்விடும். மஸ்டொடனில் பதிவு வெளியான கணமே, உங்களைப் பின்தொடர்பவர்களின் சேர்வர்களுக்கெல்லாம் பிரதி போய்விடுகிறது. நீங்கள் அழித்தால் “இதை நீக்கிவிடுங்கள்” என்று அந்தச் சேர்வர்களுக்கு ஒரு செய்தி போகும். பெரும்பாலானவை கேட்டு நீக்கும். ஒன்று அந்த நேரத்தில் பழுதாகியிருந்தாலோ, வேறு மென்பொருளில் ஓடினாலோ பிரதி தங்கிவிடலாம். தபாலில் போட்ட கடிதத்தைத் திருப்பிக் கேட்பது போல. ஆனால் நேரம் வரும்வரை அந்தப் பதிவு உங்கள் சேர்வரில் மட்டும், ஒரே பிரதியாக, எவருக்கும் தெரியாமல் இருக்கிறது. அப்போது அழித்தால் முற்றாக அழிந்தது. டஸ்கியின் பக்கப் பட்டியலில் நேரம் குறித்த பதிவுகளுக்கென ஓர் இடம் உண்டு. அங்கே போய் நீக்கலாம். நேரத்தை மட்டும் தள்ளிவைக்கவும் மஸ்டொடன் இடம்தருகிறது. வாசகத்தை மாற்றுவதானால் பழையதை நீக்கிப் புதிதாக வைப்பதுதான் வழி. வேறு சேர்வருக்கு இடம்பெயர நினைப்பவர், அதற்கு முன் பழைய வரிசையை வெறுமையாக்கிவிடவேண்டும். பின்தொடர்பவர்கள் கூட வருவார்கள், பழைய பதிவுகள் வருவதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மருமகனுக்கு வட்ஸ்அப்பில் பேசினேன். “மாமா, நீங்க சொல்லியிருந்தா வியாழக்கிழமையே அழிச்சிருப்பேனே! செய்தி பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். உங்கட வரிசையில என்ன இருக்கெண்டு எனக்கெப்படித் தெரியும்?” என்றான். உண்மைதான். அவனிடம் மின்சாரம் இருந்தது, இணையம் இருந்தது, செய்தி இருந்தது. என் கணக்குக்குள் வரும் வழிதான் இருக்கவில்லை.

இப்போது செய்திருக்கும் ஏற்பாடு இதுதான். அவனது தொலைபேசியிலும் கடையின் கணக்கை ஒருமுறை திறந்து வைத்திருக்கிறேன். கடவுச்சொல்லை எழுதிக் கொடுக்கவில்லை. அவன் விடுமுறைக்கு வந்தபோது நானே அவனது தொலைபேசியில் தட்டெழுதிக் கொடுத்தேன். கணக்கின் அமைப்புகளில், எந்தச் செயலிகளுக்கு அனுமதி கொடுத்திருக்கிறோம் என்ற பட்டியல் இருக்கிறது. வேண்டாமென்றால் அவனுக்குரிய அனுமதியை மட்டும் அங்கே இரத்துச் செய்யலாம். உறவுக்குள் இது சரிவரும். கடைப் பையனுக்கு இப்படிக் கொடுக்குமுன் யோசியுங்கள், நீக்க முடிந்தவரால் எழுதவும் முடியும். அந்த ஆள் உங்கள் ஊரில் இருக்கக்கூடாது என்பதுதான் முக்கியம். வவுனியாவில் வெள்ளமென்றால் செட்டிகுளத்திலும் வெள்ளம். கொழும்பில் இருந்தால் பரவாயில்லை, வெளிநாட்டில் இருந்தால் இன்னும் நல்லது. எங்களுக்குள் பேச்சு ஒன்றுதான். இலங்கையில் ஏதும் நடந்து, மூன்று மணித்தியாலத்துக்குள் என்னிடமிருந்து பதில் வராவிட்டால், என்னைக் கேட்காமலே வரிசையிலுள்ள அனைத்தையும் நீக்கிவிடவேண்டும். வீணாக நீக்கிவிட்டால் எனக்கு ஒரு மணித்தியால எழுத்துவேலை, அவ்வளவுதான்.

ஏழு நாளுக்கு மேல் எதையும் குறிப்பதுமில்லை. ஒரு மாதத்துக்கு எழுதி வைக்கலாம் என்று ஆசை வரும். மூன்றாம் வாரத்தில் வரிசையில் என்ன இருக்கிறதென்று எழுதியவனுக்கே மறந்துபோகும்.

புத்தளத்துச் சகோதரிக்கு என்ன பதில் எழுதுவதென்று நீண்ட நேரம் யோசித்தேன். “தானாகப் போன பதிவு” என்று எழுதி அழித்தேன். பிறகு தொலைபேசியில் அழைத்தேன். தண்ணீர் வடிந்துவிட்டது, பாடசாலைச் சீருடையெல்லாம் சேறு என்றார். பிள்ளைகள் மூவரின் அளவையும் கேட்டு கொப்பியில் எழுதிக்கொண்டேன். மறுவாரம் பஸ்ஸில் பொதி அனுப்பினேன். அது விளம்பரத்தில் வரவில்லை.

இவ்வாரம் வரிசையில் நான்கு பதிவுகள் இருக்கின்றன. மூன்றுக்கு எதிரே சரி போட்டிருக்கிறேன். நான்காவதன் எதிரே, கொப்பியில், “மழை பார்த்து” என்று பென்சிலால் எழுதியிருக்கிறேன்.